பிரிட்டனின் எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல்: கோர்ட்டா, பஞ்சாயத்தா?

கேள்வி இது: "என் அக்கா லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். இரவுப் பணியில் தூங்கினாள் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். தூங்கவே இல்லை என்கிறாள். டிரிபியூனலுக்குப் போ என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது கோர்ட்டா, பஞ்சாயத்தா? அவள் தூங்கவில்லை என்று அங்கே நிரூபிக்க முடியுமா?"

கோர்ட்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர் சட்டம் படித்த முறையான நீதிபதி. சாட்சியை வரவழைக்கவும் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் எழுதுவது சிபாரிசு அல்ல, தீர்ப்பு. அங்கே சாட்சி சொல்ல வருபவரிடம் வேலையைக் காட்டினால் அது நீதிமன்ற அவமதிப்பாகும் என்று லண்டன் ஹைகோர்ட் 1995லேயே சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட் என்றதும் நம் மனதில் வரும் எல்லாமே அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில், அக்காவை நீக்கி எத்தனை நாள் ஆகிறது? மற்ற எதையும்விட இது அவசரம். மனு போடும் கெடு, மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10 அன்று வேலை போனால் ஜூன் 9 கடைசி நாள். ஜூன் 10 காலையில் போட்டால்கூடத் தாமதம்தான். நேராக மனு போடவும் முடியாது. ஏகாஸ் என்ற அரசு சமரச அமைப்பிடம் முதலில் பதிய வேண்டும். 2014 முதல் இது கட்டாயம். இலவசம், ஆன்லைனிலோ தொலைபேசியிலோ பதியலாம். இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் எண்ணிட்ட சான்றிதழ் தருவார்கள். அந்த எண் இல்லாத மனுவை டிரிபியூனல் ஏற்காது. கெடுவுக்குள் ஏகாஸிடம் போயிருந்தால், பேச்சு நடக்கும் நாட்கள் கெடுக் கணக்கில் சேராது. கெடு முடிந்தபின் போனால் அந்தச் சலுகை கிடையாது.

நம்மவர்கள் நிறையப் பேர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கியதும் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யச் சொல்வார்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அது நடக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். "அப்பீல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மரியாதைக்குக் காத்திருந்து, நாலாவது மாதம் "அப்பீல் தள்ளுபடி" என்று கடிதம் வரும்போது டிரிபியூனலின் கதவும் சாத்தியிருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வாதாடலாம் என்றாலும் பணிநீக்க வழக்கில் அந்தச் சோதனை கடினமானது: கெடுவுக்குள் மனு போடுவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காட்ட வேண்டும். சட்டம் தெரியாது என்ற காரணம் பொதுவாக எடுபடாது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் மூன்று மாதத்தை ஆறு மாதமாக்குகிறது. ஆனால் அந்தச் சட்டம் கட்டங்கட்டமாகத்தான் அமலுக்கு வருகிறது. எது எப்போது தொடங்குகிறது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு மூன்று வருஷ சர்வீஸ் இருப்பது நல்லது. சாதாரண நியாயமற்ற பணிநீக்க வழக்குப் போட இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது 2012 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. 2027 ஜனவரி முதல் அது ஆறு மாதமாகக் குறைகிறது. இன, மத, பால் பாகுபாடு, கர்ப்பம், நிறுவனத்தின் தவறைப் புகார் செய்ததற்காகப் பழிவாங்கல் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கே இல்லை. முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

சரி, அவள் தூங்கினாளா இல்லையா? டிரிபியூனல் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கவே செய்யாது. கேட்பதற்கே எரிச்சலாக இருக்கும், ஆனால் அங்கே சட்டம் அப்படித்தான். 1978ல் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் வழக்கிலிருந்து வந்த "பர்ச்சல் சோதனை" இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. ஊழியர் தவறு செய்தார் என்று நிறுவனம் உண்மையிலேயே நம்பியதா? அந்த நம்பிக்கைக்குத் தகுந்த ஆதாரம் இருந்ததா? அதற்குமுன் ஒழுங்காக விசாரித்தார்களா? இந்த மூன்றுக்கும் "ஆம்" என்று வந்துவிட்டால், அடுத்ததாக, வேலையைவிட்டு நீக்கும் அளவுக்கு அந்தத் தவறு பெரியதா என்று பார்ப்பார்கள். அப்போதும் "நானாக இருந்தால் எச்சரித்து விட்டிருப்பேன்" என்று நீதிபதி நினைப்பதற்கு இடமில்லை. நியாயமான முதலாளிகளில் ஒருவர் எச்சரிப்பார், இன்னொருவர் நீக்குவார். இரண்டும் நியாயமான எல்லைக்குள் இருந்தால் நீக்கியது செல்லும்.

இந்தியாவில் லேபர் கோர்ட் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தொழில் தகராறுச் சட்டத்தில் 1971ல் சேர்த்த 11அ பிரிவு, தண்டனை அதிகம் என்று தோன்றினால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை லேபர் கோர்ட்டுக்குத் தந்தது. இலங்கையின் தொழில் நியாயசபைகளும் 1957லிருந்து "நீதியும் நியாயமுமான" கட்டளை பிறப்பிக்கும் பரந்த அதிகாரத்தோடு நடக்கின்றன. பிரிட்டன் டிரிபியூனலுக்கு அந்த அகலம் கிடையாது. சட்டம் எந்தெந்த உரிமையை எழுதிவைத்திருக்கிறதோ அதற்குள் மட்டும்தான் அது நடமாடலாம். மேலாளர் எரிந்து விழுகிறார், ஷிஃப்ட் போடுவதில் ஓரவஞ்சனை செய்கிறார் என்பதெல்லாம் பாகுபாடு, சம்பளப் பிடித்தம் போன்ற சட்டத் தலைப்பு ஏதாவது ஒன்றின்கீழ் வந்தால்தான் அங்கே நிற்கும்.

ஆக அக்கா செய்ய வேண்டியது, தூங்கவில்லை என்று சத்தியம் செய்வது மட்டுமல்ல. விசாரணை எப்படி நடந்தது என்பதைத் தோண்ட வேண்டும். அந்த இரவு அவளோடு பணியில் இருந்தவரிடம் கேட்டார்களா? சிசிடிவி இருந்தும் பார்க்காமல் விட்டார்களா? குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார்களா? ஒழுங்கு விசாரணைக்குச் சக ஊழியரையோ யூனியன் ஆளையோ அழைத்து வரலாம் என்று சொன்னார்களா? விசாரித்தவரே தண்டனையும் கொடுத்து, அப்பீலையும் அவரே கேட்டாரா? இரவு முழுக்க பன்னிரண்டு மணி நேரம் இடைவேளை இல்லாமல் போட்டிருந்தார்களா? இதே தவறுக்கு வேறொருவரை எச்சரித்து மட்டும் விட்டார்களா? வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த மாதிரிக் கேள்விகளில்தான். ஏகாஸ் வெளியிட்டுள்ள ஒழுங்கு நடவடிக்கை நெறிமுறையை நிறுவனம் காரணமில்லாமல் மீறியிருந்தால் இழப்பீட்டை 25 சதவீதம்வரை கூட்டலாம். அக்கா அதை மதிக்காமல் விட்டிருந்தால் அதே அளவு குறையவும் செய்யும்.

இந்த அமைப்பு இப்படி இருப்பதற்கு அதன் பிறப்பும் ஒரு காரணம். 1964ல் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் இது தொடங்கியபோது, பயிற்சி வரியை எதிர்த்து முதலாளிகள் செய்யும் முறையீட்டைக் கேட்பதுதான் அதன் வேலை. தொழிலாளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வருஷம் ஆட்குறைப்பு ஊதியத் தகராறுகள் வந்து சேர்ந்தன. 1968ல், தொழிலுறவுகளை ஆராய அரசு அமைத்த டொனோவன் ஆணையம், தொழிலாளிகள் எளிதாக அணுகக்கூடிய, வேகமான, சம்பிரதாயம் குறைந்த, செலவில்லாத இடமாக இது வளர வேண்டும் என்றது. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான உரிமை 1972ல் நடைமுறைக்கு வந்து, வழக்குகளும் இங்கே வந்தன. எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல் என்ற பெயர் 1998ல்தான் வந்தது. அதுவரை இண்டஸ்ட்ரியல் டிரிபியூனல். வட அயர்லாந்தில் இன்றைக்கும் அதே பழைய பெயர், தனி அமைப்பு. டொனோவன் சொன்ன நான்கில் வேகம் போயே போய்விட்டது. பாகுபாட்டு வழக்குகளின் இறுதி விசாரணைக்குப் பல இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சம்பிரதாயம் குறைவு என்பதும் அறையைப் பார்த்தால் மட்டும்தான் உண்மை.

அந்த அறை எப்படி இருக்கும்? லண்டன் தெற்கு டிரிபியூனல் க்ராய்டனில் இருக்கிறது. நம்மவர்கள் நிறைய வாழும் பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடம். விக் இல்லை, கறுப்பு அங்கி இல்லை, கூண்டு இல்லை. நீதிபதி ஒரு மேசையில், எதிரே இரு தரப்புக்கும் மேசைகள், பக்கத்தில் சாட்சி உட்கார ஒரு நாற்காலி. நின்று பேச வேண்டியதில்லை. கீதை மீதோ குர்ஆன் மீதோ பைபிள் மீதோ சத்தியம் செய்யலாம்; வேண்டாமென்றால் வெறும் உறுதிமொழி போதும். பழைய முறையில் நீதிபதியின் இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். ஒருவர் முதலாளிகள் பக்க அனுபவம் உள்ளவர், இன்னொருவர் தொழிலாளர் பக்கம். சாதாரணப் பணிநீக்க வழக்குகளில் 2012லிருந்தே நீதிபதி மட்டும்தான். 2024 அக்டோபருக்குப் பின் மற்ற வழக்குகளிலும் உறுப்பினர்கள் வேண்டுமா என்பதை நீதிபதிகளே முடிவு செய்கிறார்கள். இது எனக்குப் பிடிக்காத மாற்றம். பட்டறையும் வார்டும் தெரிந்த ஒருவர் நீதிபதிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இந்த டிரிபியூனலின் தனித்தன்மையாக இருந்தது.

மேசைமேல் முக்கியமான பொருள், "பண்டில்" என்று எல்லோரும் சொல்லும் ஆவணத் தொகுப்பு. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மின்னஞ்சல், விசாரணைக் குறிப்பு எல்லாம் பக்க எண் போட்டு அதில் இருக்கும். இரு தரப்பும் தமக்குப் பாதகமான ஆவணத்தையும் காட்டியாக வேண்டும். அக்காவின் சாட்சியம் முன்கூட்டியே எழுத்தில் போய்விடும். அறையில் நடப்பது குறுக்கு விசாரணைதான். "பக்கம் 143ஐத் திருப்புங்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் தொடங்குவார். அந்தப் பக்கத்தில் அக்காவே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கும். எழுத்து வாக்குமூலத்தில் சொன்னதும் பண்டிலில் உள்ளதும் முரண்பட்டால் அங்கேயே வழக்கு ஆடிப்போகும். ஸ்காட்லாந்தில் முறை கொஞ்சம் வேறு. அங்கே சாட்சியத்தைப் பெரும்பாலும் வாயால்தான் சொல்ல வைப்பார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். டிரிபியூனல் தன் செலவில் ஏற்பாடு செய்யும். நீங்கள் கூடப் போய் மொழிபெயர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், விடமாட்டார்கள். விசாரணைகள் பொதுவாக எல்லோரும் பார்க்கக்கூடியவை. தன் முறை வருவதற்குமுன் ஒரு நாள் போய் யாருடைய வழக்கையாவது பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும்.

விசா விஷயமாக அக்கா ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தால் இதையும் கவனியுங்கள். வழக்கு அதனால் செத்துவிடாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல அந்த நாட்டு அரசுக்கு ஆட்சேபம் இருக்கக்கூடாது. அதை டிரிபியூனல் முன்கூட்டியே விசாரித்து அறிய வேண்டும், நாளாகும். பயணச்சீட்டு எடுத்ததுமே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

நீதித்துறைக்குள் இதன் இடம் எது என்றும் சொல்ல வேண்டும். பிரிட்டன் 2007ல் தன் டிரிபியூனல்களில் பெரும்பாலானவற்றை ஒரே இரண்டடுக்கு அமைப்பாகத் திரட்டியது. எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல் அதில் சேராமல் தனித்தே நின்றது. மற்றவற்றில் பெரும்பாலும் குடிமகனுக்கும் அரசுக்கும் வழக்கு. இங்கே தனியாருக்கும் தனியாருக்கும். அதற்கு மேலே எம்ப்ளாய்மென்ட் அப்பீல் டிரிபியூனல் இருக்கிறது. 42 நாளுக்குள் போக வேண்டும், அதுவும் சட்டப் பிழைக்கு மட்டும். "நான் சொன்னதை நீதிபதி நம்பவில்லை" என்பது அங்கே வாதமே அல்ல. அதற்கு மேல் கோர்ட் ஆஃப் அப்பீல், அப்புறம் சுப்ரீம் கோர்ட். கீழே உள்ள டிரிபியூனலின் தீர்ப்பு இன்னொரு டிரிபியூனலைக் கட்டுப்படுத்தாது. அப்பீல் டிரிபியூனலும் அதற்கு மேலுள்ளவையும் சொன்னால் கட்டுப்படுத்தும்.

இந்த ஏணி எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு ஊபர் வழக்கைப் பாருங்கள். 2016ல் லண்டன் மத்திய டிரிபியூனலில் ஓட்டுநர்கள் சிலர், தாங்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் விடுப்பு ஊதியத்துக்கும் உரிய தொழிலாளர்கள் என்றார்கள். லண்டன் முழுக்க 30,000 குட்டி வியாபாரிகள் ஒரு செயலியால் இணைந்திருக்கிறார்கள் என்ற கம்பெனியின் வாதத்தைக் கேலிக்குரியது என்றே டிரிபியூனல் எழுதியது. கம்பெனி ஒவ்வொரு படியாக ஏறி ஒவ்வொரு படியிலும் தோற்றது. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒருமனதாக அதையே உறுதி செய்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர், தன்னை மோசமாக நடத்தியதற்குத் தன் சாதியும் ஒரு காரணம் என்றார். பிரிட்டன் சமத்துவச் சட்டம் பாகுபாடு காட்டக்கூடாது என்று பட்டியலிடும் தலைப்புகளில் சாதி தனியாக இல்லை. ஆனாலும் சில சூழல்களில் அது "இன வழித் தோற்றம்" என்பதற்குள் வரக்கூடும் என்று 2014 டிசம்பரில் அப்பீல் டிரிபியூனல் சொன்னது. அடுத்த வருஷம் அவருக்குக் குறைந்தபட்சச் சம்பள பாக்கியாக மட்டும் சுமார் 1,84,000 பவுண்டு தீர்ப்பானது.

கட்டணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. 2013 ஜூலையில் அரசு கட்டணம் கொண்டுவந்தது. பணிநீக்க வழக்கை விசாரணை வரை கொண்டுபோக 1,200 பவுண்டு. வழக்குகள் மூன்றில் இரண்டு பங்கு மாயமாயின. யூனிசன் தொழிற்சங்கம் அரசின்மேல் வழக்குப் போட்டு, 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் அந்தக் கட்டணமே சட்டவிரோதம் என்றார்கள். கட்டியவர்களுக்கு அரசு திருப்பிக் கொடுத்தது. லார்டு ரீட் எழுதிய அந்தத் தீர்ப்பின் வாதம் எளிமையானது: வழக்குப் போடுபவருக்கு மட்டும் நீதிமன்றம் சேவை செய்வதில்லை. அக்காவைப் போன்ற ஒருவர் அங்கே போக முடியும் என்று தெரிந்திருப்பதால்தான் ஆயிரம் முதலாளிகள் சட்டத்தை மதிக்கிறார்கள்.

தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவைக் கட்ட வேண்டுமா? பொதுவாக இல்லை, அவரவர் செலவு அவரவருக்கு. ஆனால் விசாரணை நெருங்கும்போது கம்பெனி வக்கீலிடமிருந்து கடிதம் வரும்: உங்கள் வழக்குக்கு அடிப்படையே இல்லை, திரும்பப் பெறாவிட்டால் 20,000 பவுண்டுவரை செலவுத்தொகை கேட்போம் என்று. அதைப் படித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வழக்கை விட்டவர்கள் உண்டு. செலவுத்தொகை விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் இருப்பது உண்மைதான். ஆனால் வேண்டுமென்றே தொல்லை கொடுத்தவர், முறைகேடாக நடந்தவர், ஜெயிக்கும் வாய்ப்பே இல்லாத வழக்கை இழுத்தவர் போன்றோருக்குத்தான் அது. ஒழுங்காக வழக்கு நடத்தித் தோற்றவருக்கு அல்ல. அந்தக் கடிதத்தை யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம். பணிநீக்க வழக்குக்கு அரசின் சட்ட உதவி கிடையாது. யூனியனில் இருந்தால் முதலில் அங்கே. இல்லையென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், லா சென்டர்கள் போன்ற இலவச ஆலோசனை அமைப்புகள். வீட்டுக் காப்பீட்டில் சட்டச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், பலருக்குத் தெரியாமலே இருக்கும். ஜெயித்தால் மட்டும் கூலி என்று வரும் வக்கீல் கிடைக்கும் தொகையில் 35 சதவீதம்வரை எடுக்கலாம்.

கிடைக்கும் தொகையைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். மறுபடி வேலையில் சேர்க்கும்படி உத்தரவிடும் அதிகாரம் உண்டு, ஆனால் அப்படி நடப்பது அபூர்வம். இழப்பீட்டில் அடிப்படைத் தொகை என்று ஒன்று: அக்காவுக்கு வயது 22க்கும் 41க்கும் நடுவில் என்றால் வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம், ஆக மூன்று வாரம்தான். மீதி, உண்மையில் இழந்த சம்பளம். வேறு வேலை தேடினாளா என்று கேட்பார்கள், ஆகவே விண்ணப்பித்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் சேர்த்து வைக்கட்டும். மனவேதனைக்குப் பணிநீக்க வழக்கில் ஒரு பைசா கிடையாது; பாகுபாடு நிரூபணமானால்தான் அது தனியாக வரும். இன்னொரு வெட்டும் உண்டு: ஒழுங்காக விசாரித்திருந்தாலும் நீக்கித்தான் இருப்பார்கள் என்று நீதிபதிக்குத் தோன்றினால், அந்த வாய்ப்புக்கு ஏற்ப இழந்த சம்பளத்துக்கான தொகையில் கழித்துவிடுவார். ஏகாஸ் மூலம் நடுவிலேயே சமரசம் செய்துகொள்பவர்கள் அதிகமாக இருப்பது இதனால்தான். அதில் தீர்ப்பால் தர முடியாத ஒன்றையும் கேட்டு வாங்கலாம்: நல்ல முறையில் எழுதிய ரெஃபரன்ஸ் கடிதம். கேர் வேலை தேடுபவருக்குச் சில சமயம் பணத்தைவிட அது பெரிது.

கடைசியாக, ஜெயித்த பணம். டிரிபியூனல் தீர்ப்பு எழுதுவதோடு சரி, வசூலித்துத் தராது. நிறுவனம் 14 நாளில் கட்டாவிட்டால் வட்டி ஏறும், அவ்வளவுதான். கவுண்டி கோர்ட் வழியாகவோ ஹைகோர்ட் ஜப்தி அதிகாரி வழியாகவோ அக்காதான் துரத்த வேண்டும். 2013ல் அரசே நடத்திய ஆய்வில், ஜெயித்தவர்களில் முழுத்தொகை கைக்கு வந்தது பாதிப் பேருக்குத்தான், 49 சதவீதம். பணம் கட்டாத முதலாளிகளில் பலர் கம்பெனியை மூடிவிட்டு வேறு பெயரில் அதே தொழிலைத் திறந்தவர்கள். நிறுவனம் திவாலானால் சம்பள பாக்கி, அடிப்படைத் தொகை போன்ற சிலவற்றை வரம்புக்கு உட்பட்டு அரசின் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து கேட்கலாம்.

அதனால் ஏகாஸ் படிவத்தில் முதலாளி பெயர் எழுதும் இடத்தில் முதியோர் இல்லத்தின் வாசலில் உள்ள பெயரை எழுதிவிடாதீர்கள். சம்பளச் சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்து, அதில் உள்ள லிமிடெட் கம்பெனியின் பெயரை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். இன்னும் உயிரோடு இருக்கிறதா, மூடுவதற்கு விண்ணப்பித்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். மூடப் போவதாக இருந்தால் உடனே ஆட்சேபம் தெரிவிக்க வழி உண்டு. ஏகாஸ் சான்றிதழிலும் டிரிபியூனல் மனுவிலும் அதே பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.